காற்றடிக்காத ஆர்மோனியம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

இந்தக் கடிதத்தை எழுத வேண்டியவள் நான் இல்லை. கலியாணம் கட்டப்போகிறவர்களுக்குக் கோயிலில் வைக்கிற கலியாண வகுப்பின் கடைசி நாளில், மாப்பிள்ளையின் அம்மாவோ அப்பாவோ எழுதிய கடிதத்தை மாப்பிள்ளையே எல்லோருக்கும் முன்னால் நின்று வாசிக்க வேண்டும் என்று டவுன் மாதா கோயில் சாமி சொல்லியிருப்பதாக நீ போனில் சொன்னபோது, அப்பா அப்போதுதான் றப்பர் பால் வெட்டிவிட்டு வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். "நான் என்னத்தடா எழுத? நல்லா இருன்னு ஒரு வரி எழுதலாம். அதுக்கு ஏன் ஒரு தாள வீணாக்கணும்" என்று சொல்லிவிட்டுத் துவாயை எடுத்துக்கொண்டு பீலித் தண்ணீரில் குளிக்கப் போய்விட்டார். நான் அம்மாவுக்குச் செய்தி அனுப்பினேன். குவைத்தில் அவள் வேலை செய்யும் வீட்டில், பாத்திரம் கழுவுகிற நேரத்தில்தான் அவளுக்குப் போனைத் தொட முடியும். குழாய்த் தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில் அவள் குரல் வந்தது. "எனக்கு எழுத்துக்கூட்டவே வராதுடி. நீ எழுது. நான் சொல்ல வேண்டியது ஒனக்குத் தெரியாதா? அவனுக்கு இத்தன நாளா சோறாக்கிப் போட்டது நீதானே. அப்ப நீயும் அவனுக்கு ஒரு அம்மாதான்." அதனால் பதினேழு வயதில் நான் உனக்கு அம்மாவாக உட்கார்ந்து எழுதுகிறேன். நேரில் உன்னை நீங்க என்றுதான் கூப்பிடுவேன். அம்மாவின் இடத்தில் இருந்து எழுதுவதால் இந்தத் தாள் முடியும் வரைக்கும் நீ என்றே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

முதலில் அம்மா சொன்னதை எழுதிவிடுகிறேன். அவள் ஒரே நாளில் சொல்லவில்லை. தட்டு கழுவும்போது கொஞ்சம், துணி காயப்போடும்போது கொஞ்சம் என்று துண்டு துண்டாக அனுப்பினாள். ஈரத் துவாயைக் கட்டிலில் போடுகிற பழக்கத்தை விட்டுவிடச் சொன்னாள். "ஹோட்டல்ல ஊருக்கெல்லாம் தட்டு நீட்டுறவன், வீட்டுக்கு வந்தா ஒரு கோப்ப தண்ணியத் தானே எடுத்துக் குடிக்கட்டும். அந்தப் புள்ளய எடுத்துத் தா, எடுத்துத் தான்னு விரட்டாதேன்னு எழுது" என்றாள். சண்டை வந்தால் சாப்பாட்டின் மேல் காட்டாதே என்றாள். அப்பா அப்படிக் காட்டிய நாட்களை அவள் இன்னும் மறக்கவில்லை போலிருக்கிறது, அதைச் சொல்லும்போது குரல் வேறு மாதிரி ஆகிவிட்டது. அண்ணியின் அம்மா அப்பாவை வாய் நிறைய அத்தை, மாமா என்று கூப்பிடு, சீகிரியாவிலிருந்து லீவில் வரும்போது வெறுங்கையோடு வராதே என்றாள். கடைசியாக வந்த துண்டில் தண்ணீர்ச் சத்தம் இல்லை. குழாயை மூடிவிட்டுப் பேசியிருக்கிறாள். "பொண்டாட்டிய நாலு பேருக்கு முன்னால விட்டுக்குடுக்காதேன்னு எழுது. அத மட்டும் கொஞ்சம் பெரிசா எழுது."

நான் அதை எழுதப் பேனாவை வைத்தேன், எழுத முடியவில்லை. நிச்சயம் பேசப் போன அன்றைக்கு அண்ணி வீட்டில் நடந்தது அம்மாவுக்குத் தெரியாது. நீ சொல்லியிருக்க மாட்டாய், நானும் சொல்லவில்லை. அப்பா எதையுமே சொல்லமாட்டார். அதை மூடி வைத்துக்கொண்டு, அம்மாவின் பெயரில் உனக்கு இந்தப் புத்தியைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால்தான் கடிதம் நீண்டுவிட்டது.

நீ புதுப் போன் வாங்கியபோது பழையதை எனக்குத் தந்தாய். கண்ணாடியில் குறுக்கே கீறல் விழுந்த போன். சமையல் நேரத்தில் பாட்டுக் கேட்க உதவும் என்று நீ சொன்னாய். குசினிக்குப் பின்னால் பலாமரத்தடியில் நின்றால் மட்டும் சிக்னல் வரும். அங்கே நின்று ஒருநாள் கோயில் பாட்டு ஒன்றைத் தேடினேன். பாட்டுக்குப் பதிலாக ஒரு பக்கம் திறந்தது. போனைப் படுக்கவைத்தால் மரத்தால் செய்த ஆர்மோனியப் பெட்டி மாதிரி ஒரு படம், அதன் மேல் வெள்ளையும் கறுப்புமாகக் கட்டைகள். ஒன்றைத் தொட்டேன். பெட்டிக்குள் யாரோ மூச்சை இழுத்துவிடுவது போல ஒரு சத்தம் வந்தது. நான் பயந்து சுற்றிலும் பார்த்தேன். அந்தப் பக்கம் முழுதாகத் திறந்துவிட்டால் அதற்குப் பிறகு சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும், மூடினால்தான் போய்விடும். அதனால் நான் அதை மூடவே மாட்டேன். போனை உப்பு டின்னில் சாய்த்து வைத்து, அரிசி கொதிக்கும் வரைக்கும் இரண்டு ஆட்காட்டி விரலாலும் தட்டித் தட்டித் தேடுவேன். எனக்கு ஸ்வரம் எதுவும் தெரியாது. மனதில் பாட்டு இருக்கும், அந்தச் சத்தம் எந்தக் கட்டையில் இருக்கிறது என்று தேடுவேன், கிடைத்தால் அடுத்ததைத் தேடுவேன். சோறு அடிப்பிடித்த நாட்களும் உண்டு. அப்பா ஒன்றும் சொல்லாமல் கருகியதை ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டார்.

நீ லீவில் வந்திருந்தபோது குசினி வாசலில் நின்று பார்த்தாய். "இதென்னடி, போனுக்குக் கிச்சுகிச்சு மூட்டிக்கிட்டு இருக்க?" என்றாய். நான் போனைப் பாத்திரம் இறக்கும் சேலைத் துண்டுக்குள் மறைத்தேன். "மறைக்காத, வாசி. அம்மா பாடுமே, மாதா பாட்டு, அது வருமா?" என்று கேட்டாய். எனக்கு வந்தது. நீ வாசல் இஸ்தோப்பில் வாங்குப் பலகை மேல் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாய். முடிந்ததும் இன்னொரு தரம் என்றாய். அந்தப் பின்னேரத்தை நான் இங்கே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நான் எதில் வாசிக்கிறேன் என்று உனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டில் ஆர்மோனியப் பெட்டி என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

பிறகு உபதேசியார் ஐயா ஒருநாள் ஜெபத்துக்குச் சொல்ல வீடு வீடாக வந்தபோது கேட்டுவிட்டார். நம் சின்னக் கோயிலில் சாமி வந்து பூசை வைப்பது மாதத்தில் ஒரு ஞாயிறுதான், மற்ற ஞாயிறுகளில் ஐயாதான் ஜெபம் சொல்லிப் பாட்டு எடுத்துக்கொடுப்பார். அவர் எடுக்கும் பாட்டை ஆளுக்கு ஒரு பக்கமாக இழுப்போம் என்பது உனக்கே தெரியும். அவர் என்னைக் கூப்பிட்டார். "எனக்குக் கூச்சமா இருக்கு ஐயா" என்றேன். "நீ ஒருத்தர் மொகத்தையும் பாக்க வேணாம் பிள்ள. மெழுகுதிரியெல்லாம் வைக்கிற அறைக்குள்ள ஒக்காந்துக்க. வயர வெளிய ஸ்பீக்கருக்கு நான் இழுத்துர்றேன்" என்றார். அப்படித்தான் நான் வாசிக்கத் தொடங்கினேன். கதவிடுக்கு வழியாகப் பாட்டு எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே வாசிப்பேன். சனங்கள் அதை ரெக்காட் என்று நினைத்தார்கள். நம் லயத்து வரிசையில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் செல்வி அக்கா பீலியில் வைத்து என்னிடமே சொன்னாள். "உபதேசியாரு எங்கயோ நல்ல ரெக்காட் ஒன்னு எடுத்துட்டு வந்திருக்காரு பாத்தியா? நம்ம இழுத்தா அதுவும் நின்னு கூட்டிக்கிட்டுப் போகுது." எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, குடத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். படிப்பை விட்ட பிறகு எனக்கென்று சந்தோஷமாக இருந்தது அதுதான். யாருக்கும் தெரியாமல் இருந்ததால்தான் அது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்றும் நினைக்கிறேன்.

நிச்சயம் பேச மாத்தளைக்குப் போன அன்று, மாமா, அதாவது அண்ணியின் அப்பா, எல்லோரையும் உட்காரவைத்து ஒவ்வொருவராக விசாரித்தார். அவர் டவுன் கோயில் பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசிக்கிறவர் என்று எனக்கு அப்போது தெரியாது. உனக்குத் தெரிந்திருந்ததா என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. "தங்கச்சி என்ன செய்றாங்க? படிக்கிறாங்களா?" என்று கேட்டார். அப்பா தரையைப் பார்த்தார். பளபளப்பான ஓடு பதித்த தரை, அதில் அப்பாவின் கால்விரல்களில் றப்பர் பால் கறுத்துக் காய்ந்திருந்தது நன்றாகத் தெரிந்தது. நீ சட்டென்று, "அவ கோயில்ல ஆர்மோனியம் வாசிக்கிறா மாமா" என்றாய். எனக்குக் காது சுட்டது. ஆனாலும், பொய் சொல்லமாட்டேன், எனக்குப் பெருமையாக இருந்தது. வெளி ஆள் ஒருவரிடம் நீ என்னைப் பற்றி ஒன்றைச் சொன்னது அதுதான் முதல் தடவை. படிப்பை விட்டு வீட்டில் சோறாக்குகிறாள் என்று சொல்லாமல் இருக்கத்தான் நீ அதைச் சொன்னாய் என்பது பிறகு வேனில் வரும்போதுதான் எனக்கு விளங்கியது.

மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. "நம்ம ஆர்மோனியச் சாதி ஆளா? அடி, அந்தப் பெட்டியக் கொண்டா" என்று உள்ளே குரல் கொடுத்தார். அண்ணியே தூக்கிக்கொண்டு வந்து துணியை எடுத்தாள். என்னைப் பாயில் உட்காரவைத்தார்கள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? கட்டைகள் ஒன்றுதானே, போனில் இருப்பதை விடப் பெரியது, விரலுக்கு இன்னும் வசதியாக இருக்கும் என்று நினைத்தேன். மாதா பாட்டின் முதல் கட்டையை அழுத்தினேன். சத்தம் வரவில்லை. இன்னொன்றை அழுத்தினேன், அதுவும் வரவில்லை. பெட்டி பழுதாக இருக்குமோ என்று மாமாவைப் பார்த்தேன். சின்னப் பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். அண்ணியின் அத்தை, "காத்தடிக்காம பாட்டு வருமா மகள்? இதென்ன ரேடியோவா, சும்மா அமுக்க?" என்றாள். போனில் சின்னச் சின்ன வீடியோக்கள் பார்த்திருக்கிறேன். வாசிக்கிறவரின் இடது கை பெட்டிக்குப் பின்னால் ஆடிக்கொண்டே இருக்கும். அவர் தாளம் போடுகிறார் என்று நான் நினைத்திருந்தேன். அந்தக் கைதான் துருத்தியை அடித்துப் பெட்டிக்குக் காற்றுக் கொடுக்கிறது என்று எனக்குச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. என் போனில் காற்றடிக்க வேண்டியதில்லை. தொட்டால் வரும்.

மாமா நல்லவர். அவர் சிரிக்கவில்லை. குனிந்து கொக்கியைக் கழற்றி, குமிழை இழுத்துவிட்டு, "நான் காத்தடிக்கிறேன், நீங்க வாசிங்க மகள்" என்றார். அவர் அடிக்க அடிக்க நான் இரண்டு ஆட்காட்டி விரலாலும் கொத்தினேன். கட்டைகள் கனமாக இருந்தன, இடைவெளி வேறாக இருந்தது, எனக்குத் தெரிந்த பாட்டு எங்கேயோ ஓடிவிட்டது. வந்தது பாட்டே இல்லை. நான் கையை எடுத்துக்கொண்டு, "நான் போன்லதான்..." என்றேன். "போன்லயா?" என்றார் மாமா. புரியாமல் உன்னைப் பார்த்தார். எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். அப்போது நீ சிரித்தாய் அண்ணா. ஹோட்டலில் வெள்ளைக்காரர்களிடம் சிரிப்பாயே, அந்தச் சிரிப்பு. "எனக்கே இப்பதான் தெரியுது மாமா. பெட்டி வாசிக்கிறேன்னு சொன்னா, நானும் நம்பிட்டேன். ஏண்டி, பொய்யா சொன்ன?" என்றாய்.

நான் "ம்" என்று தலையை ஆட்டினேன்.

அண்ணியின் அத்தை, "சின்னப் பிள்ளதானே, ஆசைக்குச் சொல்லியிருக்கும். விடுங்க" என்று ஒரு தட்டில் கேக் துண்டு வைத்துக் கொடுத்தாள். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. நான் கை கழுவப் போனபோது அண்ணி எனக்குத் துவாய் கொண்டுவந்து தந்தாள். தோளில் கை வைத்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "சின்ன விஷயத்துக்கெல்லாம் பொய் சொல்லாதீங்க, என்ன? நமக்குள்ள அது வேணாம்" என்றாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னாள். ஆனால் அண்ணிக்கு நான் பொய்க்காரியாகத்தான் அறிமுகமாகியிருக்கிறேன். நாளைக்கு அவள் நம் வீட்டுக்கு வந்து, தேத்தண்ணியில் சீனி போட்டேன் என்று நான் சொன்னாலும் ஒரு தரம் குடித்துப் பார்த்துத்தான் நம்புவாள். வேனில் வரும்போது அப்பா முன் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டார். நீ போனைப் பார்த்துக்கொண்டே, "ஒன்னும் மனசுல வச்சிக்காத, என்ன" என்றாய். லீவு முடிந்து சீகிரியாவுக்குத் திரும்பும்போது, நாவுல ஊரைத் தாண்டியதும் பஸ்ஸிலிருந்து எப்போதும் எனக்குப் போனில் ஒரு கோல் எடுப்பாயே, அந்தத் தடவை எடுக்கவில்லை. அதற்குப் பிறகும் எடுக்கவில்லை. கலியாண வகுப்பு விஷயத்தைக்கூட அப்பாவின் போனுக்கு எடுத்துத்தான் சொன்னாய்.

அதற்கடுத்த ஞாயிறு முதல் நான் கோயிலில் வாசிக்கப் போகவில்லை. உபதேசியார் ஐயா வந்து கேட்டபோது தலைவலி என்று உள்ளே படுத்துக்கொண்டேன். ரெக்காட் பழுதாகிவிட்டதாம் என்று செல்வி அக்கா கவலைப்பட்டாள். போனில் அந்தப் பக்கத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. நான் மூடாமல் வைத்திருந்ததை நானே மூடினேன். அந்தப் படத்தில் பெட்டிக்குப் பின்னால் மடிப்பு மடிப்பாக ஒன்று வரைந்திருக்கிறது. அதை நான் அலங்காரம் என்று நினைத்திருந்தேன், அதுதான் துருத்தி. படத்தில் அது அசைவதில்லை. இவ்வளவு நாளும் ஒரு படத்தைத் தடவிக்கொண்டு நானும் வாசிக்கிறேன் என்று நினைத்திருந்தேனே என்று கூச்சமாக இருந்தது. கொஞ்ச நாளைக்கு அந்தக் கூச்சம்தான் பெரிதாக இருந்தது. பிறகு அது மெதுவாகக் குறைந்துவிட்டது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கற்றுக்கொள்ளலாம், அதில் பெரிய வெட்கம் இல்லை. குறையாமல் இருந்தது இன்னொன்று. நீ கேட்டதும் நான் தலையை ஆட்டினேனே, அது. அதை நினைத்தால் குசினியில் தனியாக நிற்கும்போதும் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாது.

ஏன் ஆட்டினேன் என்று யோசித்தபோது, அது எனக்குப் பழக்கமான வேலை என்று தெரிந்தது. அம்மா குவைத்துக்குப் போன வருஷம் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு பாடசாலைக்குப் போனார். டீச்சர், "நல்லா செய்ற பிள்ளை, ஏன் நிப்பாட்டுறீங்க?" என்று கேட்டார். விடியுமுன் அப்பா பால் வெட்டப் போய்விடுவார், நீ ஏ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய், வீட்டில் சோறாக்க ஆள் இல்லை. உண்மை அவ்வளவுதான். அதைச் சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை. "அவளுக்குப் படிப்பு ஏறல டீச்சர். அவளே போகமாட்டேங்கிறா" என்றார். டீச்சர் என்னைப் பார்த்து, "அப்படியா?" என்றார். எனக்குப் படிப்பு பிடிக்கும். அதிலும் தமிழ்ப் பாடம் மிகவும் பிடிக்கும். நான் தலையை ஆட்டினேன். அப்பாவை அந்த இடத்தில் தலைகுனிய வைக்க எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் அப்பா எனக்கு ஐஸ் பழம் வாங்கித் தந்தார். நான் தின்றேன். அது மாமா வீட்டில் தந்த கேக் துண்டு மாதிரிதான் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அப்பா மேல் எனக்குக் கோபம் இல்லை. நம் வீட்டில் யாருக்காவது வெட்கம் வந்தால் அதைக் கழற்றி என் தோளில் போட்டுவிடுகிறீர்கள். நானும் இதுவரை வாங்கி வைத்துக்கொண்டேன். அதனால் அது யாருக்கும் கனமாகத் தெரியவில்லை.

ஆனால் உனக்கு அது பழக்கம் இல்லை அண்ணா. அதனால்தான் உன்னிடம் இதைச் சொல்கிறேன். அம்மா போன மறுநாள் காலையில் எனக்குத் தலை பின்ன ஆள் இல்லை. நான் படிப்பை விடுவதற்கு முந்தைய நாட்கள் அவை. நீ சீப்பை வாங்கி, என்னை வாங்கில் உட்காரவைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு இரண்டு சடை பின்னிவிட்டாய். ஒன்று காதுக்கு மேலே, ஒன்று கழுத்தில். பாடசாலை வாசலில் உன் கூட்டாளிகள், "இது யாருடா, காக்கா கூடு கட்டியிருக்கு?" என்று சிரித்தார்கள். நீ என்னை உனக்கு முன்னால் இழுத்து நிறுத்தி, "நான்தான் பின்னினேன். என்ன இப்ப?" என்றாய். அவ்வளவுதான், அவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அன்றைக்கும் உனக்கு வெட்கமாக இருந்திருக்கும். ஒரு பொடியன் தங்கச்சிக்குத் தலை பின்னிவிட்டேன் என்று கூட்டாளிகளிடம் சொல்வது சின்ன விஷயம் இல்லை. நீ அதை உன்னுடையது என்று சொன்னாய். மாமா வீட்டில் நான் எதிர்பார்த்ததும் அவ்வளவுதான். "போன்லதான் மாமா வாசிக்கிறா, நான் கேட்டிருக்கேன், நல்லா வாசிப்பா" என்று சொல்லியிருந்தால் அவர்கள் இன்னும் கொஞ்சம் சிரித்திருப்பார்கள். சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள். நாம் இரண்டு பேரும் சேர்ந்து வெட்கப்பட்டிருக்கலாம்.

ஹோட்டலில் நீ எங்கே இருந்து வருகிறாய் என்று கேட்டால் மாத்தளை டவுன் என்று சொல்வதும், நாம் குடியிருக்கும் தோட்டத்து லயம் என்ற சொல்லை உன் வாயால் சொல்லாமல் இருப்பதும் எனக்குத் தெரியும். அதில் உன்னை நான் குறை சொல்லவில்லை. அப்படிச் சொன்னால்தான் சிலர் மதிக்கிறார்கள் என்று நீ கண்டிருப்பாய். ஆனால் அண்ணி ஒருநாள் நம் காம்பராவுக்கு வருவாள். கக்கூசுக்கு வெளியே நடந்து போக வேண்டும், குளிக்கப் பீலிக்குப் போக வேண்டும். அவள் ஹோட்டலுக்கு வந்து உன் மனேஜரிடம் பேசும்போது இங்கிலீஷ் தடுமாறலாம். அவளுடைய சொந்தக்காரர்கள் முன்னால் உன் சம்பளத்தைப் பற்றிப் பேச்சு வரலாம். உனக்கு வெட்கம் வரும் நேரமெல்லாம் உனக்கு மிகவும் பக்கத்தில் நிற்பது அவளாகத்தான் இருக்கும். அப்போது அந்த ஹோட்டல் சிரிப்பைச் சிரித்துவிட்டு, "இவதான் சொன்னா" என்று அவளைக் காட்டிவிடாதே. அவள் என்னைப் போலத் தலையை ஆட்டுகிறவளாக இருந்தால் உனக்குத் தெரியாமலே அவள் உள்ளுக்குள் சின்னதாகிக்கொண்டே போவாள். ஆட்டாதவளாக இருந்தால் அந்த இடத்திலேயே உன் கலியாணம் கெட்டுப்போகும். எப்படிப் பார்த்தாலும் அம்மா சொன்னதுதான் சரி. அவள் கேட்டபடி அதைப் பெரிதாக எழுத வேண்டும். பெரிதாக எழுத எனக்குக் கை வராது, அதனால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறேன்.

இதை வகுப்பில் நீ எல்லோருக்கும் முன்னால் வாசிக்க வேண்டும் என்று நான் எழுதவில்லை. அங்கே மாமாவும் அண்ணியும் இருப்பார்கள். உன் வாயாலேயே உன்னைத் தலைகுனிய வைத்தால், நீ எனக்குச் செய்ததைத்தான் நானும் உனக்குச் செய்கிறேன் என்று ஆகிவிடும். அதனால் இன்னொரு தாளில் அம்மாவின் புத்திகளை மட்டும், துவாய், தண்ணீர், சாப்பாடு எல்லாவற்றையும், நல்ல கையெழுத்தில் எழுதி இதனோடு வைத்திருக்கிறேன். கடைசியில் 'விட்டுக்கொடுக்காதே' என்பதும் அதில் இருக்கிறது. அது சபைக்குப் போதும். அண்ணிக்கு நான் பொய் சொல்லவில்லை என்று தெரிய வேண்டும் என்ற ஆசை எனக்கு இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதை உன் வாயிலிருந்துதான் அவள் கேட்க வேண்டும். எந்தத் தாளை எடுப்பது என்பது உன் பாடு. நான் அங்கே இருக்கமாட்டேன்.

கலியாணத்தன்று காலையில் மட்டும் நான் இருப்பேன். மாப்பிள்ளை வேனில் ஏறுமுன் லயத்துச் சனமெல்லாம் சின்னக் கோயிலில் கூடி ஜெபம் சொல்லி அனுப்புவதும், பெண் வீட்டிலிருந்து ஒரு பெரியவர் வந்து கூட்டிப்போவதும் நம் வழக்கம்தானே. கூட்டிப்போகத் தானே வருவதாக மாமா அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். நான் நேற்று உபதேசியார் ஐயாவிடம் போனேன். ஜெபத்துக்கு நான் வாசிக்கிறேன், மேசையை வெளியே முன்னால் போட்டுத் தாங்க என்று கேட்டேன். "உள்ளயே இரேன் பிள்ள. மாப்பிள வீட்டு ஆளு, எல்லாரும் ஒன்னத்தான் பாப்பாங்க. கை நடுங்கும்" என்றார். "நடுங்கட்டும் ஐயா" என்றேன். அதற்கு அவர், "அப்ப ரெக்காட்டு நீதான்னு செல்விக்கு நான் இப்பவே சொல்லிர்றேன். இல்லாட்டி அது ஒன்னப் பாத்து ஜெபத்துக்கு நடுவுல கத்திரும்" என்றார்.

நான் போனில் வாசிப்பதைப் பார்த்ததும், இது முன்பே தெரியுமா என்று மாமா நிச்சயம் கேட்பார். என்னிடம் கேட்க அவருக்குச் சங்கடமாக இருக்கும், அதனால் உன் பக்கம் திரும்பித்தான் கேட்பார். நீ என்ன பதில் சொல்வாய் என்று எனக்குத் தெரியாது. பழையபடி என் மேல் போட்டால் இந்தத் தடவை நான் ஆமாம் போடமாட்டேன், அதை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். ஆனால் உனக்குப் பதில் சொல்ல வராவிட்டால் சொல்லவே வேண்டாம். மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று என்னோடு பாடு, அது போதும். மற்றவர்கள் எடுக்கிற உயரத்தில் உனக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும், அதனால்தான் நீ கோயிலில் வாயை மட்டும் அசைக்கிறாய் என்று எனக்குத் தெரியும். இந்தப் போனில் சுருதியை இறக்க ஒரு இடம் இருக்கிறது. பக்கத்தை மறுபடியும் திறந்து, நன்றாக இறக்கி வைத்துப் பார்த்தேன். செல்வி அக்காவுக்கும் மற்றவர்களுக்கும் அது பாதாளத்தில் இருக்கும், முனகத்தான் முடியும். அவர்கள் முனகட்டும். உனக்கு அது சரியாக வரும்.

அம்மாவுக்காகவும் எனக்காகவும்,
உன் தங்கச்சி